கிளிமஞ்சாரோ: மூச்சிரைக்க ஒரு நிதி திரட்டல்

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டுமென்றால் நேராகக் கேட்க வேண்டியதுதானே, மலை எதற்கு என்று பலர் கேட்டார்கள். நேராகக் கேட்டால் பணம் வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். "கிளிமஞ்சாரோ ஏறுகிறேன்" என்றால் "எதுக்கு?" என்று கேட்பார்கள். ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல அப்போதுதான் வாய்ப்பு. ஒன்றில் மட்டும் கறாராக இருந்தேன்: விமானம், வழிகாட்டி, கூடாரம் எல்லாம் என் கைக்காசு. நன்கொடையில் பயணம் போவது எனக்கு ஒப்பவில்லை.

தான்சானியாவில் லெமோஷோ பாதையைத் தேர்ந்தெடுத்தோம். முதலில் மழைக்காடு, அப்புறம் புதர், அதற்கும் மேலே வெறும் பாறையும் புழுதியும். வழிகாட்டிகள் ஓயாமல் சொல்வது "போலே போலே", அதாவது மெதுவாக, மெதுவாக. லாவா டவர் என்ற பாறையருகே சுமார் 4,600 மீட்டர் வரை ஏறிவிட்டு, தூங்குவதற்கு 3,900 மீட்டர் அளவிலிருக்கும் பாரங்கோ முகாமுக்கு இறங்க வேண்டும். பட்ட பாடெல்லாம் வீணா என்று எரிச்சல்தான் வரும். ஆனால் உடம்பு உயரத்துக்குப் பழகுவது அப்படித்தான்.

மாலையானால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுவார்கள். கீழே என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று வழிகாட்டி போய்விடுவார்.

உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறைகிறது. உடனே மூச்சு வேகமெடுக்கிறது. சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்கிறது. அதை முடுக்கிவிடுவது ஹிஃப் என்ற புரதம். செல்கள் ஆக்சிஜன் அளவை உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுக்கட்டியும் இதே வழியைப் பிடித்துக்கொள்கிறது. ரத்த ஓட்டத்தை மிஞ்சி வளரும்போது கட்டிக்குள் ஆக்சிஜன் குறைகிறது. ஹிஃப் கிளம்பிப் புது ரத்தநாளங்களை வரவழைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் சரியாக எடுபடாது. ஹிஃப் வகைகளில் ஒன்றைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மருந்துக்கு 2021இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது, முதலில் ஒரு பரம்பரை நோயால் வரும் சில கட்டிகளுக்காக. தலைவலியோடு கூடாரத்தில் புரண்டபோது என்னை வதைத்ததும் கட்டியை வளர்ப்பதும் ஒரே பற்றாக்குறைதான் என்று தோன்றி, தூக்கம் இன்னும் தள்ளிப்போனது.

பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பினோம். சரளைக்கல் ஓர் அடி ஏறினால் அரையடி சறுக்கும். தண்ணீர் உறிஞ்சிக் குடிக்கும் குழாய் உறைந்துவிட்டது. விடியும் நேரத்தில் ஸ்டெல்லா பாயிண்ட், அப்புறம் எரிமலை விளிம்போரமாக நடந்து உஹுரு சிகரம், 5,895 மீட்டர். படம் எடுத்தவுடன் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

ம்வேகா பாதை முழங்காலைப் பதம்பார்த்தது. போகிற வழியில், பணம் எதற்கு என்று வழிகாட்டி கேட்டார். புற்றுக்கட்டிக்குள் ஆக்சிஜன் பஞ்சம், ஆனாலும் கட்டி பிழைத்துக்கொள்கிறது என்றேன்.

"மலையில் தலை சுற்றினால் கீழே இறக்கிவிடுவோம். கட்டிக்கு என்ன செய்வீர்கள்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் பணம்" என்றேன்.