அல்சூரில் குயில் காலம்

ஏப்ரல் 3
நாலே கால். பால்காரர்கூட வரவில்லை, பக்கத்து மனையின் மாமரத்தில் அது ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே. ஏழெட்டு முறை ஏறி, இதற்கு மேல் தொண்டை கிழியும் என்கிற இடத்தில் பட்டென்று நிற்கும். அப்பாடா என்று போர்வையை இழுத்தால் மறுபடி கீழிருந்து. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம். குயிலைப் பாடிய கவிஞர்கள் யாருக்கும் எட்டு மணிக்கு ஆபீஸ் மீட்டிங் இருந்திருக்காது.

ஏப்ரல் 5
அம்மா மன்னார்குடியிலிருந்து வந்தாயிற்று. காப்பியை ஆற்றிக்கொண்டே, "பஞ்சமத்துல கூவறதுடா" என்றாள். ஏழு சுரங்களில் மயிலுக்கு ச என்கிற ஷட்ஜம், குயிலுக்கு ப என்கிற பஞ்சமம், யானைக்கு நி என்கிற நிஷாதம் என்று பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது இன்னும் மனப்பாடம்.

சரி, பார்த்துவிடலாம் என்று என் பெண்ணின் போனில் இருக்கும் சுருதி ஆப்பை ஜன்னலில் வைத்தேன். முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரே கூவலுக்குள்ளேயே கீழிருந்து மேலே வழுக்கிப் போகிறது. அடுத்த கூவல் அதற்கும் மேலே தொடங்குகிறது.

"பஞ்சமம்னா எந்த ஷட்ஜத்துக்கு பாட்டி?" என்று பெண் கேட்டாள். நியாயம்தான். ச எது என்று முடிவான பிறகுதானே, அதைப்போல் ஒன்றரை மடங்கு அதிர்வில் ப வரும்? குயிலுக்கு யார் தம்பூரா போடுகிறார்கள்?

"ஏன், காக்கா இருக்கே" என்றாள் அம்மா.

ஏப்ரல் 9
மாமரத்தில் ஒரே ரகளை. "கிக் கிக் கிக்" என்று கத்திக்கொண்டு பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு பறவை இலைக்குள் பாய, பின்னாலேயே இரண்டு காகங்கள். கண் சிவப்பு. அதுதான் பெண் குயில். இத்தனை வருடமாக அதை வேறேதோ பறவை என்று நினைத்திருந்தேன். கூ கூ என்று ராகம் இழுப்பது கறுப்பு ஆண்தான். ஆண் குயில் வேண்டுமென்றே காகங்களின் கண்ணில் பட்டு, தன்னைத் துரத்தவைக்கும். அந்த இடைவெளியில் பெண் குயில் போய்க் காகத்தின் கூட்டில் முட்டை வைத்துவிடும்.

என் பெண்ணிடம் சொன்னேன். "இனிமே என் பாட்டைக் கேட்டுட்டு யாராவது குயில்னு சொல்லட்டும், இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 14
புத்தாண்டு. வேப்பம்பூ, மாங்காய்ப் பச்சடி. குயில் இன்று லேட், நாலரை.

ஏப்ரல் 19
மத்தியானம் டுக், டுக், டுக். யாரோ பாத்திரம் தட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள் அம்மா. குக்குறுவான். கடிகாரத்தை வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு 112. அலகைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு டுக்குக்கும் தொண்டை மட்டும் உப்பி அடங்குகிறது. தலையை அப்படியும் இப்படியும் திருப்புவதால் சத்தம் இரண்டு மரத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. நமக்குக் கழுத்தில் இருக்கிற குரல்வளையின் வேலையைப் பறவைக்கு, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கிற உறுப்பு செய்கிறதாம். பாடும் பறவைகளில் சில, அதன் இரு பக்கங்களையும் தனித்தனியாக இயக்கி ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்பும். ஆளில்லாமல் ஜுகல்பந்தி. தாளத்துக்கு இவன் போதும் என்று அம்மா தீர்ப்பளித்தாள்.

ஏப்ரல் 27
மாங்காய் மழை. ராத்திரி பக்கத்து மனையில் தேங்கிய தண்ணீரில் தவளைகள். டார்ச்சோடு இறங்கினேன், நாலு அடி வைத்ததும் மொத்தக் கச்சேரியும் கப்சிப். அசையாமல் பத்து நிமிடம் நின்றேன். ஓரத்திலிருந்து ஒன்று மெல்லக் கேட்டுப் பார்த்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். தண்ணீர் விளிம்பில் ஒன்றின் தாடைக்குக் கீழே பை பலூன் மாதிரி உப்பி அடங்கியது. கத்துவதெல்லாம் ஆண்கள். கொசு என்னைத் தின்றுவிட்டது.

மே 6
மனைக்கு ஜேசிபி வந்துவிட்டது. குட்டையை மண் போட்டு மூடிவிட்டார்கள். மாமரம் காம்பவுண்டை ஒட்டி இருப்பதால் இப்போதைக்குத் தப்பித்தது. ராத்திரி ஜெனரேட்டர்.

மே 24
அம்மா தினமும் மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பாள். இன்று காகம் ஒரு வாய் எடுத்துக்கொண்டு நேராக மாமரத்துக்குப் பறந்தது. கிளையில் கறுப்பாக ஒரு குஞ்சு சிறகு நடுங்க வாயைப் பிளந்தபடி கத்திக்கொண்டிருந்தது. காகம் சோற்றை அதன் தொண்டைக்குள் திணித்தது. பைனாகுலரை அம்மாவிடம் கொடுத்தேன். காக்கைக் குஞ்சு இல்லை.

"அடப்பாவி" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு பிடி சோறு பிசைந்து கொண்டுவந்தாள், நெய் விட்டு.