வாடகை பாக்கி விழும் முன்பே

வயதானவர்கள் ஒரே நாளில் வீடிழப்பது அபூர்வம். துணை இறந்ததும் இரண்டு வருமானம் ஒன்றாகிறது; வாடகை மட்டும் குறைவதில்லை. ஒப்பந்தம் இறந்தவர் பெயரில் மட்டும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. இருவரும் இருக்கும்போதே இருவர் பெயரிலும் எழுதிவிடுங்கள். ஓய்வூதியம் பெயர் மாறி வரச் சில மாதம் ஆகலாம், முதல் பாக்கி விழுவது அந்த இடைவெளியில்தான். 3 மாத வாடகையாவது, மற்றவர் தனியாக எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும்.

வீடு கைவிட்டுப் போகக்கூடிய அடுத்த கட்டம் மருத்துவமனை. இடுப்பெலும்பு முறிந்தவரை 'வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொல்லும் நாளில் யோசித்தால் காலம் கடந்துவிடும். சேர்த்த மறுநாளே பாருங்கள்: எத்தனை படி, கழிவறை எந்தத் தளத்தில், சக்கர நாற்காலி நுழைய வாசல் 80 செ.மீ. அகலமாவது இருக்கிறதா, இரவில் கூட யார்?

மேசையில் பிரிக்காத தபால் குவிந்தால் சோம்பல் என்று திட்டாதீர்கள். கணக்கில் பணம் இருந்தும் மறதியால் பாக்கி விழும் வீடுகள் உண்டு. வாடகை வங்கியிலிருந்து தானாகப் போகட்டும். தேதியை ஓய்வூதியம் வந்து 2 நாள் கழித்து வையுங்கள், இல்லையென்றால் இருப்பு போதாமல் திரும்பும், அபராதம் வேறு.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் முதலில் பதிலுக்கான கடைசித் தேதியைப் பாருங்கள். பாக்கியைத் தவணையாகக் கட்ட எழுத்தில் கேளுங்கள். கட்ட முடியாத தொகைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். ஒரு தவணை தவறினாலே பேச்சு முறிந்துவிடும்.