ஏர் ஃப்ரையரில் கிரேக்கக் கோழி: எலுமிச்சையை இரண்டாகப் பிரியுங்கள்

கிரேக்க முறையில் கோழியை ஊறவைக்கத் தேவையான முக்கியப் பொருள்கள் ஒரு கையின் விரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும். ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை, பூண்டு, ஆரிகனோ என்னும் உலர்ந்த நறுமண இலை ஆகிய நான்கும் உப்பு மிளகோடு சேர்ந்தால் அந்தச் சுவை வந்துவிடுகிறது. கெட்டித் தயிர் சேர்ப்பது அவரவர் விருப்பம். ஆனால் இந்தக் கலவை கிரேக்க நாட்டில் பெரும்பாலும் கரித்தணலோடு சேர்ந்தே வாழ்கிறது. ஸூவ்லாக்கிக்காகக் குச்சியில் கோத்த இறைச்சித் துண்டுகளுக்குத் தணலின் வெப்பம் கீழிருந்து நேராக வருகிறது. சொட்டும் கொழுப்பு நெருப்பில் பட்டுப் புகையாகி மீண்டும் இறைச்சியின் மீதே படிகிறது. ஏர் ஃப்ரையரில் தணலும் இல்லை, புகையும் இல்லை. மேலே ஒரு சூடேறும் கம்பிச்சுருளும் அதன் காற்றைச் சுழற்றும் விசிறியும் மட்டுமே இருக்கின்றன. எனவே தணலுக்கான கலவையை அப்படியே கூடையில் இட்டால் கோழி வேகும். ஆனால் நிறமும் மணமும் பாதியிலேயே நின்றுவிடும்.

காரணம் ஈரம்தான். இறைச்சியின் மேற்பரப்பில் நீர் இருக்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைப் பெரிதாகத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் உருவாவதற்கோ ஏறத்தாழ 140 டிகிரி தேவைப்படுகிறது. எலுமிச்சைச் சாறு பெரும்பாலும் நீரே. அதைத் தாராளமாக ஊற்றி ஊறவைத்த கோழி, கூடைக்குள் முதல் பத்து நிமிடங்களைத் தன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே கழித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்தப் புளிப்பில் மணிக்கணக்காகக் கிடக்கும் இறைச்சியின் வெளிப்புறம் வெளுத்து, வெந்தபின் மாவுபோல உதிரும் தன்மையை அடைகிறது. ஆகவே எலுமிச்சையை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து: ஊறவைக்கும்போது தோல் துருவலும் ஒரே ஒரு மேசைக்கரண்டிச் சாறும் போதும், மீதிச் சாறு கோழி வெந்து வெளியே வந்தபிறகே அதனைத் தொடவேண்டும்.

எலும்பும் தோலும் நீக்கிய தொடைக்கறி 700 கிராம் எடுத்துக்கொள்வோம். மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் இரண்டு தேக்கரண்டி உலர்ந்த ஆரிகனோவை உள்ளங்கைகளுக்கிடையே கசக்கித் தூவிப் பத்து நிமிடம் விடவேண்டும். ஆரிகனோவின் காரமான மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், நீரில் மிகக் குறைவாகவே கரையும். எனவே இந்தக் காத்திருப்பு வீணன்று. பசுமையான இலையைவிட உலர்ந்ததே இங்கு மேலானது. கிரேக்கர்களும் பூவோடு கொத்தாகக் காயவைத்த ஆரிகனோவையே இதற்குப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். பிறகு துருவிய பூண்டு நான்கு பல், ஓர் எலுமிச்சையின் மஞ்சள் தோல் துருவல் (அடியிலுள்ள வெள்ளைப்பகுதி கசக்கும்), மேற்சொன்ன ஒரு கரண்டிச் சாறு, நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு, பொடித்த மிளகு ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்தால், விரலால் வழித்து எடுக்கக்கூடிய கெட்டியான பூச்சு கிடைக்கும்.

தயிரை நான் விருப்பப் பொருளாகக் குறிப்பிட்டாலும், ஏர் ஃப்ரையருக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். அதன் லாக்டிக் அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிட மென்மையாக வேலை செய்கிறது. அதிலுள்ள பாற்சர்க்கரையும் புரதமும் நிறத்துக்கு உதவுகின்றன. இன்னொரு முக்கியமான பயனும் உண்டு. உலர்ந்த இலைகளை இறைச்சியின் மேல் வெறுமனே தூவினால் விசிறிக் காற்று அவற்றைத் தூக்கிச் சென்று கம்பிச்சுருளில் ஒட்டவைத்துக் கருக்கிவிடும். தயிர்ப்பூச்சோ இலையையும் பூண்டையும் இறைச்சியோடு பிடித்துவைத்துக்கொள்கிறது.

ஊறவைக்கும் நேரம் குறித்து மிகையான நம்பிக்கைகள் உலவுகின்றன. உப்பு மட்டுமே இறைச்சிக்குள் குறிப்பிடத்தக்க ஆழம் செல்கிறது. பூண்டும் ஆரிகனோவும் மேற்பரப்பை ஒட்டியே நின்றுவிடுகின்றன. இந்தக் கலவைக்கு இரண்டு மணி நேரம் போதும். தயிரின் மென்மையால் ஓர் இரவும் தாங்கும். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைக்கவேண்டும். அலுமினியம் புளிப்போடு வினைபுரியும். பச்சைக்கறி ஊறிய கலவையைக் கொதிக்கவைக்காமல் வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது.

ஏர் ஃப்ரையரை 190 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். அதிகப்படியான பூச்சை வழித்துவிட்டு, மெல்லிய படலம் மட்டும் ஒட்டியிருக்கும் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கூடையை நிரப்பும் ஆசைக்கு இடம் கொடுக்கவே கூடாது. துண்டுகளுக்கிடையே காற்று புக வழியில்லையென்றால் இது ஆவியில் வேகவைக்கும் பாத்திரமாகவே மாறிவிடும். எட்டு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள்: ஓரங்களில் தயிர் உலர்ந்து சிறு வெடிப்புகள் விட்டிருக்கும், வெடிப்பின் விளிம்புகள் மட்டும் பழுப்பாகத் தொடங்கியிருக்கும், நடுப்பகுதி இன்னும் வெளிறியே இருக்கும், அடித்தட்டில் சொட்டிய எண்ணெய் சடசடக்கும். அப்போது திருப்பிப் போட்டு இன்னும் எட்டிலிருந்து பத்து நிமிடம் வைத்தால் இரண்டு பக்கமும் நிறமேறும்.

நேரம் கருவிக்குக் கருவி மாறும். ஆகவே வெப்பமானியையே நம்பவேண்டும். மிகத் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்டினால் கோழி பாதுகாப்பாக வெந்துவிட்டது. தொடைக்கறிக்கு நான் அங்கே நிறுத்துவதில்லை. 80 டிகிரியைத் தாண்டும்போது அதன் இணைப்புத்திசு ஜெலட்டினாக இளகிக் கறி இன்னும் மிருதுவாகிறது. நெஞ்சுக்கறிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைச் சீரான தடிமனுக்குத் தட்டிவைத்து, 74 தொட்டவுடன் எடுத்துவிடவேண்டும்.

வெந்த துண்டுகளைத் தட்டில் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். இதற்குள், ஒதுக்கிவைத்த எலுமிச்சைச் சாறு ஒரு பங்குக்கு ஆலிவ் எண்ணெய் மூன்று பங்கு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஆரிகனோ சேர்த்து, கலங்கிக் கெட்டியாகும்வரை அடித்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்கள் லாடோலெமனோ என்று அழைக்கும் இந்தச் சாறு, சுட்ட மீனுக்கும் இறைச்சிக்கும் அவர்கள் கடைசியில் ஊற்றுவது. தட்டில் தேங்கிய இறைச்சிச் சாற்றையும் இதில் கலந்து சூடான கோழியின் மேல் ஊற்றினால், சமையலில் வாடாத எலுமிச்சை மணம் அப்படியே எழும்புகிறது.

உடன் வைக்க ஸாட்ஸிகி இருந்தால் போதும்: வெள்ளரியைத் துருவி உப்பிட்டு, நீர் சொட்டாதவரை பிழிந்து, கெட்டித் தயிர், பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு கலக்கவேண்டும். மிஞ்சிய கோழியை மறுநாள் மீண்டும் சூடாக்கினால் வறண்டுவிடும். குளிர்ந்த நிலையிலேயே மெல்லியதாக நறுக்கி, தக்காளி, வெங்காயம், ஃபெட்டா பாலாடைக்கட்டியோடு கலந்து, மிச்சமுள்ள லாடோலெமனோவை அதன்மேல் ஊற்றி உண்ணுங்கள்.