பல்லுக்கொதிப் பாட்டு

நேற்றுப் பின்னேரம் டச்சு பே கடற்கரையில் நாங்கள் நாலு பேர், ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர். நான் போட்டது ஜோன் ஃப்ருஷான்டேயின் முதல் தனி ஆல்பம், 1994இல் வந்தது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழுவை 1992இல் ஜப்பான் பயணத்தின் நடுவிலேயே விட்டுப் போன அதே கிற்றார்காரர். வீட்டில், நாலு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியக்கூடிய கசெற் ரெக்கோடரில் பதிந்தது. 25 பாட்டு, கடைசி 13க்குப் பெயரே கிடையாது, வெறும் இலக்கம்தான்.

மூன்றாவது பாட்டிலேயே மச்சான் கடலைச் சரையைக் கீழே வைத்துவிட்டான். "இதென்னடா, பல்லுக்கொதியில கத்துற மாதிரி?"

பிழை சொல்ல முடியாது. குரல் மேலே ஏறி, அங்கேயே கிழிந்து தொங்குகிறது. இடைக்கிடை கிற்றார் பின்பக்கமாக ஓடுகிறது, பதிந்த நாடாவைத் திருப்பி ஓடவிட்டிருக்கிறார். அந்த இடங்கள் எனக்கு உயிர்.

தம்பிக்கு வேறு கருத்து: "அண்ணா, இது பாட்டில்ல, அந்தாளின்ர டயறி." கொஞ்சம் கூடிப்போன புகழ்ச்சி. அவர் போதையில் மூழ்கிக் கிடந்த வருசங்களில் வெளிவந்த ஆல்பம் இது. அந்தச் சீரழிவையே கலை என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. (1998இல் மீண்டு வந்து திரும்பவும் இசைக்குழுவில் சேர்ந்தார், அது வேறு கதை.)

நாலாமவன் கடைசி வரை வாயே திறக்கவில்லை, அலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இரவு பதினொன்றரைக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி: "அந்தப் பெயரில்லாத பாட்டுகளை அனுப்பு."

அனுப்பிவிட்டேன். ஹெட்போனில் கேளடா என்றும் சொன்னேன்.