நான்கு எண்கள்

கல்லீரல் பிரிவில் புள்ளியியலாளராகச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஹெபடைடிஸ் சி வைரஸ் தாக்கிய நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஃபிப்-4 மதிப்பெண் போடுவது. ஊசி குத்தித் திசு எடுக்காமலே கல்லீரலில் தழும்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று கணிக்கும் சூத்திரம் அது, 2006-இல் வெளிவந்தது. ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகள். வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் எடுத்து ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வரும் எண்ணால் முன்னதை வகுக்க வேண்டும். விடை 1.45-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, 3.25-ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு அதிகம்.

பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனாலும் தட்டணு ஏன் வகுக்கும் இடத்தில் நிற்கிறது என்று மூத்த மருத்துவர் ஒருவர் விளக்கிய நாளை மறக்க மாட்டேன். கல்லீரல் இறுகும்போது ரத்தம் பின்வாங்கி மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் அவை குறையக் குறைய மதிப்பெண் ஏறுகிறது. அதுவரை எனக்கு அது அட்டவணையில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து 52 வயது லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். தட்டணு 1,30,000. என் அட்டவணை 2.86 காட்டியது. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், “மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறது. இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், தம்பி” என்றார்.

ஆய்வகத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஏஎஸ்டி 80, ஏஎல்டி 64. தாளில் ஏஎல்டி முதலில் அச்சாகியிருந்தது. நான் பழக்க தோஷத்தில் மாற்றி ஏற்றியிருந்தேன். பேனாவால் போட்டேன். 52-ஐ 80-ஆல் பெருக்கினால் 4,160. 64-இன் வர்க்கமூலம் 8. 130-ஐ எட்டால் பெருக்கினால் 1,040. விடை 4.

கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், தழும்பு முற்றிய நிலையான சிரோசிஸ் என்றது. கை சில்லிட்டுப்போனது எனக்கு. இன்றைய மாத்திரைகள் சில வாரங்களில் வைரஸை ஒழித்துவிடும். ஆனால் சிரோசிஸ் வந்த கல்லீரலில் அதற்குப் பிறகும் புற்றுநோய் வரலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ‘குணமாகிவிட்டது’ என்று அனுப்பியிருந்தால் அவர் எதற்காகத் திரும்பி வரப்போகிறார்?

அந்த வாரம் முழுக்க, ஏற்றிய ஒவ்வொரு வரியையும் மூலத் தாளோடு ஒப்பிட்டேன். இன்னும் இருவர் 3.25-க்கு மேலே போனார்கள். ஒருவர் அழைத்த மறுநாளே வந்துவிட்டார். இன்னொருவரின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. பழைய கோப்பிலிருந்து முகவரியைத் தேடி எடுத்துக் கடிதம் போட்டோம்.