ஈசிஜி கருவியை எந்த அளவுக்கு நம்பலாம்? நாங்கள் சோதிக்கும் முறை

சோதனைக்கு உட்கார்ந்ததும் முதல் வேலை, ஃபில்டர்களை (குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே உள்ள அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டிகளை) தளர்த்துவது. 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை திறந்துவிட்டால்தான் கருவியின் உண்மையான குணம் தெரியும். கீழ் எல்லை 0.5 ஹெர்ட்ஸுக்கு ஏறினால் எஸ்.டி. பகுதி (ஒவ்வொரு துடிப்பின் கூர்முனைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட கோடு) இடம்பெயரலாம், இல்லாத மாரடைப்பு இருப்பதுபோலத் தோன்றும். மேல் எல்லையை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கோடு வழவழப்பாகும், ஆனால் ஆர் அலையின் (துடிப்பின் உயரமான கூர்முனை) உயரம் குறையும், அதைச் சூழ்ந்த கியூ.ஆர்.எஸ். அலைத்தொகுதியில் உள்ள சிறு வெட்டுகள் மறையும். அழகான கோட்டை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறோம்.

தாளின் ஓரத்தில் வரும் 10 மி.மீ. அளவீட்டுத் துடிப்பை மட்டும் நம்பக் கூடாது. பல டிஜிட்டல் கருவிகளில் அதை மென்பொருளே வரைகிறது. உள்ளீட்டுச் சுற்று பழுதாக இருந்தாலும் அது சரியாகவே வரும். சிமுலேட்டரிலிருந்து (இதயத்தின் மின் சைகையைப் போலியாகத் தரும் கருவி) நோயாளிக் கேபிள் வழியாக 1 மில்லிவோல்ட் சதுரத் துடிப்பு கொடுங்கள். மேல்மூலை மழுங்கினால் உயர் அதிர்வெண் இழப்பு. மேல்தளம் சீக்கிரமே சரிந்தால் தாழ் அதிர்வெண் குறைபாடு.

பிறகு சிமுலேட்டரை நிமிடத்துக்கு 60 துடிப்புக்கு வையுங்கள். தாள் 25 மி.மீ./நொடி வேகத்தில் ஓடும்போது பத்து ஆர்-ஆர் இடைவெளிகள் (அடுத்தடுத்த ஆர் அலைகளுக்கு இடையிலான தூரம்) சேர்ந்து 250 மி.மீ. வர வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் தாளை இழுக்கும் உருளை வழுக்குகிறது. தாளில் அளப்பவருக்கு இதயத் துடிப்பு அதிகமாகத் தெரியும்.

லீடு (இரு எலெக்ட்ரோடுகளுக்கு இடையே அளக்கும் மின்னழுத்தம்) 1, லீடு 3 இரண்டின் கூட்டுத்தொகை லீடு 2 ஆக வருகிறதா என்று பார்ப்பதும் டிஜிட்டல் கருவியில் பெரிதாக உதவாது. பொதுவாக இரண்டை அளந்து மூன்றாவதைக் கணக்கிட்டே தருகிறார்கள். அதைவிட, ஒவ்வொரு வயரையும் பிளக் அருகே மெதுவாக வளைத்துப் பாருங்கள். கேபிள் உள்ளே அறுவது அங்கேதான் அதிகம். ஒரு எலெக்ட்ரோடைக் கழற்றினால் "இணைப்பு இல்லை" என்ற எச்சரிக்கை வர வேண்டும். தட்டைக் கோடு மட்டும் வந்தால் அந்தக் கருவி ஆபத்தானது.

தானாகத் துடிப்பை எண்ணும் கருவிகளுக்கு சோதிக்க எம்.ஐ.டி.-பி.ஐ.எச். என்ற, துடிப்புகள் ஏற்கெனவே குறிக்கப்பட்ட ஈசிஜி தரவுத்தொகுப்பு உண்டு: அரை மணி நேரப் பதிவுகள் 48, நொடிக்கு 360 மாதிரிகள். தவறவிட்ட துடிப்புகளையும் பொய்யாக எண்ணியவற்றையும் தனித்தனியே குறிக்கிறோம். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரங்களில் "தெளிவில்லை" என்று ஒதுக்கப்பட்ட பதிவுகளையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் துல்லியம் செயற்கையாக உயரும்.

மென்பொருளைப் புதுப்பித்த பின் ஃபில்டர் அமைப்பை மறுபடி பாருங்கள். சத்தமில்லாமல் 40 ஹெர்ட்ஸுக்குத் திரும்பியிருக்கக்கூடும்.