பனி வந்தாச்சு, வண்டி வரலை

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் பனி கொட்டத் தொடங்கியதும் பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்கள் (பனிமேல் ஓடும் வண்டிகள்) ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எங்கள் கராஜில் இருப்பதும் அப்படித்தான். எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் பைலட் ஜெட் மேல், அதாவது கார்புரேட்டரில் ஐடிலிங்கின்போது பெட்ரோல் விடும் சின்னத் துளைக்குழாய் மேல். கோடை முழுக்கத் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அந்த ஊசித்துளை அடைபட அது போதும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரே, அப்புறம் கம்ப்ரஸர் காற்று. வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

கார்புரேட்டர் மிக்குனி விஎம் வகை என்றால், காற்றின் அளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கலாம். இரட்டைக் கார்புரேட்டரில், த்ராட்டிலை அழுத்தும்போது காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடுகள் இரண்டும் ஒன்றாக எழ வேண்டும். சோம்பலில் பலர் விடுவது இதைத்தான். மைனஸ் 30ல் காற்று அடர்த்தி கூடும், பெட்ரோலும் கூடுதலாக வேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட்டு மிச்சம் பிடித்தால் பிஸ்டன் உருகும். பிஸ்டன் விலை தெரியும்தானே?